சாலைக்கு வராத மகிழுந்து

பழைய மகிழுந்துக் கண்காட்சிகளில் மக்கள் வியந்து பார்க்கும் வண்டிகளுள் பெரும்பாலானவை இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் உருவானவை. அவ்வரிசையில் தமிழர் ஒருவர் உருவாக்கிய சிறிய மகிழுந்தும் இடம்பெற்றிருக்கக்கூடும். ஆனால், அது விற்பனைக்கு வராமலே போயிற்று. அதனை உருவாக்கியவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. இளமையில் ஒருநாள், ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் செல்வதைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் வண்டி தானே ஓடும் விந்தை அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார்; சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீண்டும் பொருத்தி, அது இயங்கும் முறையை அறிந்துகொண்டார். அவருடைய பொறியியல் கல்வி அங்கேதான் தொடங்கியது.

1920ஆம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியுடன் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து யூ.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பேருந்துத் தொழிலோடு அவர் நின்றுவிடவில்லை. 1937ஆம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டுத் தொழிற்கூடத்தில் உருவாக்கினார். அவர் வடிவமைத்த மின்சவரக் கருவி அயல்நாட்டவரின் பாராட்டையும் பெற்றது.

மகிழுந்து செல்வர்களுக்கே உரியதாக இருந்த காலம் அது. 1952ஆம் ஆண்டு, இருவர் அமர்ந்து செல்லத்தக்க பெட்ரோல் மகிழுந்து ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அக்காலத்தில் பெருந்தொழில் தொடங்க அரசின் உரிமம் கட்டாயமாக இருந்தது. அரிதான மூலப்பொருள்களையும் அயல்நாட்டுச் செலாவணியையும் திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது அரசின் நோக்கம். நாயுடுவின் மகிழுந்துக்கு உரிமம் கிடைக்கவில்லை; உற்பத்தி நின்றது. எளியோரும் வாங்கத்தக்க மகிழுந்து என்னும் கனவு கைக்கெட்டும் தொலைவில் நழுவிப்போயிற்று.

இதற்கு முன்னரே கல்வித்துறையிலும் அவருக்கு இத்தகைய போராட்டம் நேர்ந்திருந்தது. 1945ஆம் ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவர் துணைநின்றார். பொறியியல் கல்விக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, செய்து பழகுவோர்க்கு இரண்டு ஆண்டுகளே போதும் என வலியுறுத்தினார். அரசு அதனை ஏற்கவில்லை. அவர் முதல்வர் பதவியிலிருந்து விலகினார். அக்கல்லூரியே இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய மகிழுந்து அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய வண்டிகள் பொலிவுடன் காக்கப்படுகின்றன. அவர் நாடிய தொழிலறிவோ பட்டறைகளில் வாழ்கிறது. சென்னையின் தென்மேற்குப் புறத்தில் அமைந்த திருமுடிவாக்கம் போன்ற தொழிற்பேட்டைகளில், இளைஞர்கள் கடைசல் இயந்திரத்தின்முன் நின்று உலோகத்தைக் கடைந்து உறுப்புகளாக்குகின்றனர். பிறர் செய்த வண்டியைக் கண்டு வியந்த சிறுவன், அதனைக் கழற்றிப் பார்க்கத் துணிந்தான். பின்னர்த் தானே ஒன்றைப் படைத்தான். அந்தத் துணிவே அவர் இளைஞர்க்கு விட்டுச்சென்ற செல்வம்.