விரல்கள் மடங்கிப்போன பிறகும் வரைந்த ரெனுவார்

காலையில் எழும்பியதும் என் விரல்கள் அசையாது. தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடிக்கிறேன். சட்டைப் பொத்தான் பூட்டுவதற்கு மகள் வரவேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்ற பின்னர்தான் கைகள் என் சொல் கேட்கத் தொடங்கும்.

மீள்குடியேறிய காலத்தில் கிடைத்த ஒரு தையல் மெசினை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன். எனக்கு வந்திருப்பது முடக்குவாதம் என்று கிளினிக்கில் சொன்ன அன்று, அந்த மெசினை விற்றுவிடுவதென்று முடிவெடுத்தேன். அந்த நாட்களில்தான் ஓகஸ்ட் ரெனுவாரின் கதையை வாசிக்கக் கிடைத்தது. பிரான்சின் பெரும் ஓவியர். இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவருக்கும் இதே வருத்தம்தான்.

1841ஆம் ஆண்டு லிமோஜ் நகரில் பிறந்தவர் ரெனுவார். தகப்பன் தையற்காரர். தாயும் தையல் வேலை செய்தவர். அதை வாசித்தபோதே அவர் எனக்கு நெருக்கமாகிவிட்டார். பதின்மூன்று வயதளவில் பரிஸில் பீங்கான் பாத்திரங்களில் பூ வரையும் வேலைக்குப் போனார். அந்த வேலையை இயந்திரம் பறித்துக்கொண்டதும் விசிறிகளில் படம் வரைந்து பிழைத்தார். சேர்த்த காசில் ஓவியம் படித்தார்.

போரும் அவரை விட்டுவைக்கவில்லை. 1870இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டபோது குதிரைப்படையில் சேர்க்கப்பட்டார். கடும் நோயில் விழுந்து உயிர் தப்பினார். ஓவியம் படித்த காலத்து நண்பர் பசீல் அதே போரில் 28 வயதில் கொல்லப்பட்டார். நான்கு ஆண்டுகளின் பின், 1874இல், மொனே முதலான நண்பர்களுடன் சேர்ந்து ரெனுவார் நடத்திய கண்காட்சி ஓவிய உலகையே மாற்றியது.

ஐம்பது வயதை அண்டியபோது, 1892 அளவில், மூட்டுவலி தொடங்கியது. 1897இல் சைக்கிளில் இருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். அதன் பின்னர் நோய் வேகமாக முற்றியது. முடக்குவாதம் என்பது வயது போவதால் வரும் மூட்டுத் தேய்வு அல்ல. கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படை, ஆள் மாறி, சொந்த மூட்டுகளின் உட்படலத்தையே தாக்குகிறது. அந்த அழற்சி நின்றுவிடாமல் எரிந்துகொண்டே இருக்கும். மூட்டு வீங்கும், எலும்பு அரிபடும், உடல் முழுவதும் களைத்துப்போகும்.

ரெனுவாரின் காலத்தில் இந்த எரிவை அணைக்கும் மருந்து இருக்கவில்லை. வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய்க் குளித்தார். குளிருக்கு அஞ்சித் தெற்கே கடலோரம் போனார். 1907இல் கான்ய்-சுர்-மேர் என்ற ஊரில் பழைய ஒலிவ மரங்கள் நின்ற காணியொன்றை வாங்கி அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தார். மூட்டுகள் இறுகிவிடக்கூடாதென்று சிறிய தோல் பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிப்பார். பில்லியர்ட்ஸ் ஆடுவார். இன்று கிளினிக்கில் எனக்குச் சொல்லித்தரும் பயிற்சிகளின் நோக்கமும் அதுவே.

அப்படியிருந்தும் நோய் நிற்கவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கின. தோள் இறுகியது. 1912 அளவில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு வைத்தியர் அவரை எழுப்பி நடக்க வைத்த கதையை மகன் ஜோன் பின்னர் தன் நூலில் எழுதியிருக்கிறார். ரெனுவார் சில அடிகள் நடந்தார். பின்னர் மீண்டும் நாற்காலியில் அமர்ந்து, இனி நடக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நடப்பதற்கே முழுப் பலமும் போனால் வரைவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் கணக்கு.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் யோசித்தேன். எனக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பலம். அதை முற்றம் கூட்டுவதிலும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதிலும் கரைத்துவிட்டு, தைக்க முடியவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன்.

அவருடைய கையில் தூரிகையைக் கட்டிவிடுவார்கள் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. நகமும் விரலும் அழுத்தி உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருக்கவே துணி சுற்றினார்கள். தூரிகையை மற்றவர் எடுத்து விரல்களுக்கிடையில் வைத்துவிடுவார். 1915இல் எடுக்கப்பட்ட ஒரு மௌனப் படத்தில் இளைய மகன் குளோட் அப்படி வைத்துவிடுவதை இன்றும் பார்க்கலாம். கை எட்டாத பெரிய ஓவியங்களுக்காக, சீலையை உருளையில் சுற்றி நகர்த்தும் சட்டமொன்றும் செய்வித்திருந்தார்.

முதலாம் உலகப் போரில் மூத்த மகன்மார் இருவரும் காயப்பட்டார்கள். பியேருக்குக் கையில், ஜோனுக்குக் காலில். மகனை வைத்தியசாலையில் பார்த்துவிட்டுத் திரும்பிய மனைவி அலீன், நீரிழிவு முற்றி 1915 யூனில் இறந்தார். நொண்டியபடி வீடு வந்த மகனும் நாற்காலியில் முடங்கிய தகப்பனும் அருகருகே இருந்து பேசிக் கழித்த நாட்களில் இருந்துதான் ஜோனின் அந்த நூல் பிறந்தது. காயத்தோடு திரும்பிய பிள்ளைகளை நாமும் வீட்டில் வைத்திருக்கிறோம். அந்த முற்றம் நமக்குப் புதிதல்ல.

1913 முதல் சிற்பமும் செய்தார். மண்ணைப் பிசைந்த கைகள் ரிஷார் கினோ என்ற இளைஞருடையவை. அவரும் அச்சிற்பங்களின் படைப்பாளியே என்று பிரெஞ்சு நீதிமன்றம் 1973இல் ஏற்றுக்கொண்டது. உதவிய கைக்கும் பெயர் உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது.

1919 டிசெம்பர் 3ஆம் திகதி ரெனுவார் காலமானார். முந்தைய ஆண்டில் தொடங்கி அவ்வாண்டில் முடித்த, குளிக்கும் பெண்களின் பெரிய ஓவியம் இப்போது பரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வலியின் அடையாளமே இல்லை.

அவரிடம் பணமும் பணியாட்களும் இருந்தார்கள் என்பது உண்மை. நம்மிடம் அது இல்லை. ஆனால் அவருக்குக் கிடைக்காத மருந்து நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் விழுங்கும் மெத்தோட்ரெக்சேற் குளிசை அழற்சியை அடக்கி மூட்டு கோணாமல் காக்கிறது. அதற்கு இரத்தப் பரிசோதனை ஒழுங்காகச் செய்யவேண்டும். வலி குறைந்ததென்று நாமாக நிறுத்தக்கூடாது. காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பும், கைச் சிறு மூட்டுகளில் வீக்கமும் சில கிழமைகள் நீடித்தால், எண்ணெய் பூசிக்கொண்டு காத்திராமல் வைத்தியரிடம் போகவேண்டும். முந்திப் போனவருக்கு மூட்டு மிஞ்சும்.

மெசினை நான் விற்கவில்லை. ஊசியில் நூல் கோப்பது மகள். துணி வெட்டுவது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவளுக்குக் கூலியில் பங்கு கொடுக்கிறேன். விறைப்பு விட்ட பின், பத்து மணியில் இருந்து பன்னிரண்டு மணிவரை நான் தைக்கிறேன். முற்றம் சில நாட்கள் கூட்டப்படாமல் கிடக்கிறது. கிடக்கட்டும்.