கண்டதை மறைக்காத காஜி இப்னு பதூதா

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவு எவ்வாறு இருந்தது என்று நோக்கிப் படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மைப் பணிக்கின்றது. அக்காலத்தில் இப்பணியை நிறைவேற்ற ஒட்டகமும் மரக்கலமும் தேவைப்பட்டன. இன்றோ, கம்பைநல்லூர் போன்ற சிற்றூரிலும் இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பும் இளைஞர்கள், இடைக்கால மன்னர்களையும் போர்களையும் பற்றிய காணொளிகளையும் சொற்பொழிவுகளையும் கைப்பேசியிலேயே கேட்டு வருகின்றனர். இந்த ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், அவற்றுள் ஒரு சாரார் சுல்தான்கள் அனைவரையும் கொடியோர் என்கின்றனர். மறு சாரார் அனைவரையும் நல்லோர் என்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, தாம் கண்டதைக் கண்டவாறே உரைத்த மார்க்க அறிஞர் ஒருவர் நம் தமிழகத்திற்கே வந்து சென்றுள்ளார். அவரே இப்னு பதூதா (ரஹ்).

பிறப்பும் கல்வியும்

அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்னும் இயற்பெயர் கொண்ட இப்பெரியார், ஹிஜ்ரி 703ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில் (1304) மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் காஜிகள் பலரைத் தந்த குடும்பம். மாலிக்கி மத்ஹபின் சட்டங்களைக் கற்றுத் தேர்ந்த அவர், 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமது இருபத்தொன்றாம் வயதில், ஹஜ்ஜை நாடித் தனியராகப் புறப்பட்டார். பெற்றோரைப் பிரிந்த துயரம் நெஞ்சை அடைத்தபோதும், இறையில்லத்தின் மீதிருந்த வேட்கை அவரை முன்னே செலுத்தியது.

மறு ஆண்டு ரமளான் மாதத்தில் அவர் திமிஷ்க் நகரை அடைந்தார். அங்குள்ள உமையாப் பெரும்பள்ளிவாசலில் முதுபெரும் ஆசிரியர் ஒருவரிடம் ஸஹீஹுல் புகாரி முழுவதையும் பதினான்கு அமர்வுகளில் செவியுற்று, இஜாஸா என்னும் சான்று பெற்றார். ஒரு செய்தியைக் கேட்டால் போதாது, அது யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்பதையும் அறிந்தே ஏற்க வேண்டும் என்பது அக்கல்வியின் அடிப்படையாகும்.

டில்லியில் காஜிப் பதவி

ஹஜ் கடமையை நிறைவேற்றிய பின்னும் அவர் ஊர் திரும்பவில்லை. இராக், பாரசீகம், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை, துருக்கி, கான்ஸ்டான்டிநோபிள் ஆகியவற்றைக் கண்ட பின், 1333ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். டில்லியை ஆண்ட முஹம்மது பின் துக்ளக் அவரை ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் காஜியாக அமர்த்தினார். அரசரின் வள்ளன்மையையும் அவர் கண்டார். அரண்மனை வாயிலில் கொலையுண்டோரின் உடல்களையும் கண்டார். பின்னர், அரசரின் சினத்திற்கு ஆளாகிய ஷைகு ஒருவரைச் சந்தித்து வந்தமையால், அவரும் காவலில் வைக்கப்பட்டார். நோன்பும் திருமறை ஓதுதலுமே அந்நாட்களில் அவருக்குத் துணையாயின. விடுதலை பெற்றதும் பொருளையெல்லாம் துறந்து ஒரு நல்லடியாரிடம் தங்கினார். ஆனால் அரசரோ அவரை மீண்டும் அழைத்துச் சீன நாட்டிற்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டைத் துறையில் எழுந்த புயல், காணிக்கைப் பொருட்கள் ஏற்றிய கப்பலை உடைத்தது. அவருடைய உடைமைகளை ஏற்றிய மற்றொரு கலம் அவரைக் கரையிலேயே விட்டுச் சென்றது. எஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு தொழுகை விரிப்புமே.

தமிழகத்தில்

மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிய பின், 1344ஆம் ஆண்டு இலங்கை சென்றார். ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியுடன் ஆதம் மலையேறி இறங்கினார். அங்கிருந்து புறப்பட்ட கப்பலும் சிதையவே, சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி. மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் ஒரு மகளை இப்னு பதூதாவும், மற்றொரு மகளை இந்தச் சுல்தானும் மணந்திருந்தனர். ஆகவே இருவரும் சகலைகள். சுல்தான் உறவினரை வரவேற்று உபசரித்தார்.

ஆனால் அங்கே கண்டவை காஜியின் உள்ளத்தை நடுங்கச் செய்தன. காட்டில் பிடிபட்ட குடிமக்கள், தாம் சுமந்து வந்த கூரிய கழுமரங்களிலேயே ஏற்றப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். ஒரு நாள் உணவு விரிப்பில் அமர்ந்திருந்தபோது, கைதி ஒருவரும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு, அவ்விடத்திலேயே தலை வெட்டப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு முறை, கொலைஞர் கத்தியை உருவியதும், அஸர் தொழச் செல்வதாகக் கூறி எழுந்து விட்டார். காரணத்தைப் புரிந்துகொண்ட சுல்தான் நகைத்தார், தண்டனையை நிறுத்தவில்லை.

நமக்கு அண்மையிலுள்ள திருவண்ணாமலையிலிருந்து ஆட்சி செய்த போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளருக்கு 1342இல் நேர்ந்த முடிவையும் அவர் பதிவு செய்துள்ளார். எண்பது வயதான அம்மன்னரைச் சிறைப்பிடித்த சுல்தான், விடுதலை செய்வதாக வாக்களித்து அவருடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்ற பின், அவரைக் கொன்று உடலை மதுரை மதிலில் தொங்கவிட்டார். வாக்கை முறிப்பது முனாஃபிக்கின் அடையாளம் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

இச்செயல்களையெல்லாம் வெறுக்கத்தக்கவை என்று காஜி வெளிப்படையாகவே கண்டித்தார். சுல்தானின் அழிவை இறைவன் விரைவுபடுத்தியமைக்கு இவையே காரணம் என்றும் கருதினார். தம்மையும் அவர் மறைக்கவில்லை. மாலத்தீவின் மீது படையெடுக்கச் சுல்தான் திட்டமிட்டபோது தாமும் உடன்பட்டதை அவரே கூறியுள்ளார்.

அக்காலத்தில் மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயுற்றோர் இரண்டொரு நாளில் மாண்டனர். சுல்தானின் மகனும் தாயும் இறக்க, பின்னர் சுல்தானும் மறைந்தார். காய்ச்சல் கண்ட இப்னு பதூதா, நம் நாட்டுப் புளியை நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாளில் நலம் பெற்றார் என்பது சுவையான செய்தி.

தாயகம் திரும்புதல்

1348ஆம் ஆண்டு அவர் மீண்டும் திமிஷ்க் வந்தபோது, அங்கும் பெருங்கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டிருந்தது. ஊரார் மூன்று நாட்கள் நோன்பிருந்தனர். பின்னர் முஸ்லிம்கள் திருக்குர்ஆனையும், யூதர்கள் தவ்ராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தி, ஒன்றாக நடந்து சென்று இறைவனிடம் கதறியதை அவர் கண்டார். 1349இல் தாயகம் திரும்பியபோது, தாயார் அதே நோயால் சில மாதங்களுக்கு முன்பே மறைந்திருந்தார். தந்தை மறைந்தோ பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பின்னர் ஸ்பெயினின் கிரனடாவையும் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டையும் கண்டு திரும்பிய அவரை, சுல்தான் அபூ இனான் பயண வரலாற்றைச் சொல்லுமாறு பணித்தார். அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதினார். 1355ஆம் ஆண்டு டிசம்பரில் நூல் நிறைவுற்றது. பயணத்தின் தொலைவு ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் என்பர். இறுதிக் காலத்திலும் காஜியாகவே பணியாற்றி, ஹிஜ்ரி 770 (1368-69) அளவில் இறையடி சேர்ந்தார்.

படிப்பினை

அவருடைய குறிப்புகள் கடற்கொள்ளையரால் பறிபோனமையால், பெரும்பகுதியை நினைவிலிருந்தே கூறினார். ஆகவே சில ஆண்டுகளும் செய்திகளும் பொருந்தவில்லை. சில ஊர் வருணனைகள் முந்தைய பயணியான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அவர் காலத்திலேயே அரசவையில் பலர் அவரை நம்பவில்லை. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன்கூட ஐயுற்றார். ஆனால், தாம் காணாதது என்பதற்காகவே ஒரு செய்தியை மறுக்கலாகாது என்று அமைச்சர் ஒருவர் அவருக்கு அறிவுறுத்தினார். கேட்டதையெல்லாம் நம்புவதும் தவறு. கேட்டதையெல்லாம் தள்ளுவதும் தவறு. காணொளி காணும் நம் பிள்ளைகளுக்கு இந்த அளவுகோலையே நாம் கற்பிக்க வேண்டும்.

அதனினும் பெரிய படிப்பினை ஒன்றுண்டு. தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. மதுரை அரண்மனையில் அவரால் உள்ளத்தால் வெறுக்கவே முடிந்தது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின், தம் சகலை என்றும் முஸ்லிம் மன்னர் என்றும் பாராமல், நாவால் அதைச் சொல்லிவிட்டார். உறவினருக்கு எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு சூரத்துன் நிஸா கட்டளையிடுகின்றது. அக்கொடுமைகளை மறைத்திருந்தால் மார்க்கத்திற்குப் பெருமை சேர்ந்திருக்காது. கொடுமை மார்க்கத்தின் பெயரால் நிலைத்திருக்கும். சுல்தானின் குற்றம் சுல்தானுடையதே என்று பிரித்துக் காட்டியவர் அந்தக் காஜிதான்.

நம்மவர் செய்த நன்மையைச் சொல்லும் நாவுக்கு, நம்மவர் செய்த தவற்றையும் சொல்லும் துணிவை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.