ப. சுப்பராயன்

பரமசிவ சுப்பராயன் (செப்டம்பர் 11, 1889 – அக்டோபர் 6, 1962) தமிழகத்தைச் சேர்ந்த அரசியல்வாதி, வழக்கறிஞர், தூதர் மற்றும் துடுப்பாட்ட (கிரிக்கெட்) நிர்வாகி ஆவார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். பின்னர் இராஜகோபாலாச்சாரி அமைச்சரவையில் கல்வி மற்றும் சட்ட அமைச்சராகவும், நடுவண் அரசில் போக்குவரத்து மற்றும் தகவல் தொடர்பு அமைச்சராகவும், மகாராட்டிர மாநில ஆளுநராகவும் பணியாற்றினார். 1938 முதல் 1946 வரை இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தார். மாகாண முதலமைச்சர் பொறுப்பை வகித்த பின்னர் இவ்வாரியத்தின் தலைமைக்கு வந்த முதல் நபர் இவரே.

பிறப்பும் கல்வியும்

சுப்பராயன் அன்றைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பரமசிவ கவுண்டர் குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ஆவார். சென்னையில் நியூயிங்டன் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் வாதம் கல்லூரியில் படித்தார். தாயகம் திரும்பி 1918 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலச் சேலம் மாவட்டம் மிகவும் பரந்தது. தெற்கே திருச்செங்கோடு முதல் வடக்கே ஓசூர், கிருட்டிணகிரி வரை அது நீண்டிருந்தது. தருமபுரியும் அதனை ஒட்டிய வத்தல்மலை முதலிய மலைப்பகுதிகளும் அதில் அடங்கியிருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது சுப்பராயனின் மறைவுக்குப் பின்னர், 1965 அக்டோபர் 2 அன்று ஆகும்.

முதலமைச்சர் பதவி

1920களின் தொடக்கத்தில் நிலவுடைமையாளர் தொகுதியின் சார்பில் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1923 நவம்பரில் பனகல் அரசரின் நீதிக்கட்சி அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டபோது எதிரணியை ஆதரித்தார்.

1926 இல் நடந்த தேர்தலில் சுயாட்சிக் கட்சி 41 இடங்களைப் பெற்றுத் தனிப்பெரும் கட்சியானது. நீதிக்கட்சிக்கு 21 இடங்களே கிடைத்தன. இரட்டை ஆட்சி முறையின் கீழ் பதவி ஏற்பதில்லை என்ற கொள்கை காரணமாகச் சுயாட்சிக் கட்சி அரசமைக்க மறுத்தது. எனவே ஆளுநர் கோசன் பிரபு, எக்கட்சியையும் சாராத சுப்பராயனை அமைச்சரவை அமைக்க அழைத்தார். 1926 டிசம்பர் 4 அன்று இவர் முதலமைச்சரானார். அ. அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் அமைச்சர்களாயினர்.

சொந்தக் கட்சி பலமின்றி, ஆளுநரால் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களின் துணையோடும் எதிரெதிர்க் கட்சிகளின் மாறி மாறிக் கிடைத்த ஆதரவோடும் இவ்வமைச்சரவை நடந்தது. 1927 இல் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோல்வியுற்றது. சைமன் குழுவைப் புறக்கணிப்பது தொடர்பாக அமைச்சர்களுக்கிடையே பிளவு ஏற்பட்டு, மற்ற இருவரும் 1928 இல் பதவி விலகினர். அவர்களுக்குப் பதிலாக எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் அமைச்சர்களாகச் சேர்க்கப்பட்டனர். அதன் பிறகு நீதிக்கட்சியின் ஆதரவு அரசுக்குக் கிடைத்தது. அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை நடைமுறைப்படுத்திய ஆணையை முத்தையா முதலியார் இக்காலத்திலேயே பிறப்பித்தார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட சட்டமன்ற முயற்சிகளும் இக்காலத்தவை. 1930 தேர்தலுக்குப் பின் அக்டோபர் மாதம் சுப்பராயன் பதவி விலக, பி. முனுசாமி நாயுடு முதலமைச்சரானார்.

கோயில் நுழைவு மசோதா

1932 நவம்பரில் தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் நுழைவு உரிமை அளிக்கும் மசோதாவைச் சுப்பராயன் சென்னை சட்டமன்றத்தில் முன்வைத்தார். குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டம் நாடெங்கும் கவனம் பெற்றிருந்த நேரம் அது. இதனைச் சட்டமன்றத்தில் விவாதிக்க வைசிராய் வெலிங்டன் பிரபுவின் முன் அனுமதி தேவைப்பட்டது. 1933 சனவரியில் அவ்வனுமதி மறுக்கப்பட்டது. கோயில் நுழைவுக்கு வழிவகுத்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1939 இல், சுப்பராயன் அமைச்சராக இருந்த இராஜகோபாலாச்சாரி ஆட்சியில்தான் நிறைவேறியது.

காங்கிரசு அமைச்சர்

1930களில் காங்கிரசுக் கட்சியில் சேர்ந்த சுப்பராயன், 1937 சூலையில் அமைந்த இராஜகோபாலாச்சாரி அமைச்சரவையில் கல்வி மற்றும் சட்டத் துறைகளுக்குப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதன்முறையாக மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. சமவெளி ஊர்களோடு தருமபுரிப் பகுதியும் அதன் கீழ் வந்தது.

1938 இல் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது கல்வி அமைச்சராக இருந்தவர் சுப்பராயனே. இதனால் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கண்டனம் இவர் மீதும் விழுந்தது. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவைக் கலந்தாலோசிக்காமல் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவைகள் 1939 அக்டோபர் இறுதியில் விலகத் தொடங்கியபோது இவரும் பதவி விலகினார்.

துடுப்பாட்ட நிர்வாகம்

சென்னையில்

சென்னையில் துடுப்பாட்டம் நெடுங்காலம் இனப் பிரிவினையோடு வளர்ந்தது. 1846 இல் தொடங்கப்பட்ட சென்னை துடுப்பாட்டக் கழகம் சேப்பாக்கம் திடலை வைத்திருந்தது. அது ஐரோப்பியர்களுக்கு உரியதாக இருந்தது. இந்தியர்களுக்கென மெட்ராசு யுனைடெட் கழகத்தைப் புச்சி பாபு நாயுடு உருவாக்கினார். பொங்கலையொட்டி நடந்த மாகாணப் போட்டியில் ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதின. இந்தியக் கழகங்களை ஒன்றிணைக்க உருவான இந்தியத் துடுப்பாட்டக் கூட்டமைப்பின் நிறுவனர்களுள் ஒருவராகவும் அதன் முதல் தலைவராகவும் சுப்பராயன் இருந்தார். இரு தரப்பினரையும் ஒரே அமைப்பில் கொண்டுவந்த சென்னை துடுப்பாட்டச் சங்கம் 1930களில் உருப்பெற்றது. இதுவே இன்றைய தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கத்தின் முன்னோடி ஆகும். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து, ஒரே நாளில் முடிந்தது.

வாரியத் தலைவராக

1928 டிசம்பரில் தொடங்கப்பட்ட கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சுப்பராயனுக்கு முன்பு கிராண்ட் கோவன், சிக்கந்தர் ஹயாத் கான், போபால் நவாப் ஹமீதுல்லா கான், திக்விஜய்சிங்ஜி ஆகியோர் தலைவர்களாக இருந்தனர். தலைவர் பதவி ஊதியமற்றது. அன்றாட அலுவல்களைச் செயலாளர் கவனித்தார். சுப்பராயன் காலத்தில் அப்பொறுப்பில் கே. எஸ். ரங்கா ராவ் இருந்தார்.

சுப்பராயன் பொறுப்பேற்கும் முன்பே வாரியத்தின் நற்பெயருக்குப் பங்கம் ஏற்பட்டிருந்தது. 1936 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் அணித்தலைவர் விசயநகர இளவரசருடன் ஏற்பட்ட பூசலால் லாலா அமர்நாத் பாதியிலேயே நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இதனை விசாரித்த பியூமாண்ட் குழு 1937 இல் அமர்நாத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்து, அணித்தலைவரைக் குறைகூறியது. அரச குடும்பத்தினரின் செல்வாக்கு அணித்தேர்வை எந்த அளவு பாதித்தது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

சுப்பராயனின் எட்டாண்டுகளில் பெரும்பகுதி உலகப்போர்க் காலமாகும். 1939–40 இல் வரவிருந்த இங்கிலாந்து அணியின் பயணம் போரால் கைவிடப்பட்டது. 1936 ஆகத்து முதல் 1946 சூன் வரை இந்தியா ஒரு தேர்வுப் போட்டியும் ஆடவில்லை. ஆகவே வாரியத்தின் முழுச் சுமையும் உள்நாட்டுப் போட்டிகள் மீது விழுந்தது. இங்கிலாந்தின் மாவட்டச் சாம்பியன் போட்டியும் ஆத்திரேலியாவின் செபீல்டு கேடயமும் போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டன. ரஞ்சிக் கோப்பையோ ஓர் ஆண்டும் தடைபடவில்லை. 1940–41 இறுதி ஆட்டம் சென்னையில் நடந்தது. அதில் சென்னை அணி மகாராட்டிர அணியிடம் தோற்றது. விசய் மெர்ச்சன்ட், விசய் அசாரே ஆகியோரின் மிகப்பெரிய ஓட்டக் குவிப்புகள் இக்காலத்தவை. போர்ப்பணிக்காக இந்தியாவில் இருந்த டெனிசு காம்ப்டன் 1944–45 இறுதி ஆட்டத்தில் ஓல்கார் அணிக்காக ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தார்.

இத்தொடர்ச்சிக்கு வாரியம் மட்டுமே காரணமன்று. இந்தியாவின் பெரும்பகுதி போர்க்களமாக இல்லாமையும், பரோடா, இந்தூர் முதலிய சமசுதானங்கள் ஆட்டக்காரர்களுக்கு அளித்த ஆதரவும் துணைநின்றன.

ஐமுனைப் போட்டி

இக்காலத்தின் பெரும் சர்ச்சை பம்பாய் ஐமுனைப் போட்டி பற்றியது. இந்துக்கள், முசுலிம்கள், பார்சிகள், ஐரோப்பியர், மற்றோர் என அணிகள் சமய, இன அடிப்படையில் அமைந்தன. மக்கள் கூட்டத்திலும் வருவாயிலும் அது ரஞ்சிக் கோப்பையை விஞ்சி நின்றது. 1940 டிசம்பரில் காந்தி இத்தகைய வகுப்புவாத அணிப் பிரிவினையை ஏற்க இயலாது எனக் கருத்துத் தெரிவித்ததையடுத்து, இந்துக்கள் அணி அவ்வாண்டு விலகியது. ஆயினும் மறு ஆண்டே போட்டி முழுமை பெற்றது. போட்டியைப் பம்பாயின் ஜிம்கானாக்கள் நடத்தியதால் வாரியத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் அது இருக்கவில்லை. கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்த ஒரு காங்கிரசுக்காரர் வாரியத் தலைவராக இருந்த காலம் முழுவதும் இப்போட்டி நீடித்தது. 1942–43 இல் மட்டும் நடைபெறாது, 1945–46 பருவத்தோடு முடிவுக்கு வந்தது.

இறுதி ஆண்டுகள்

1945 இல் மெர்ச்சன்ட் தலைமையில் இந்திய அணி இலங்கை சென்றது. அவ்வாண்டின் இறுதியில் லிண்ட்சே அசெட் தலைமையிலான ஆத்திரேலியப் படைத்துறை அணி இந்தியா வந்தது. அதிகாரப்பூர்வமற்ற மூன்று தேர்வுப் போட்டிகளுள் பம்பாய், கல்கத்தா ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. சென்னையில் நடந்த மூன்றாவதில் இந்தியா வென்றது. ரூசி மோடி 203 ஓட்டங்கள் எடுத்தார். 1946 இல் மூத்த பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அவ்வாண்டே அந்தோணி டி மெல்லோ வாரியத் தலைவரானார்.

விடுதலைக்குப் பின்

1947 இல் அமைந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் காவல்துறையை உள்ளடக்கிய உள்துறைக்குச் சுப்பராயன் பொறுப்பேற்றார். பொதுவுடைமைக் கட்சியினர் மீது மாகாண அரசு கடும் நடவடிக்கை எடுத்த காலம் அது. இவருடைய பிள்ளைகள் இருவர் அக்கட்சியில் இருந்தனர். இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார். பின்னர் 1951 வரை இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார்.

1955 இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில் இவர் உறுப்பினர். ஆங்கிலத்தை விரைந்து அகற்றி இந்தியைப் புகுத்தும் பரிந்துரைகளை ஏற்காமல், சுனிதி குமார் சாட்டர்ஜியைப் போலவே மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். 1938 இல் இந்திப் பாடத்தை நடைமுறைப்படுத்திய துறையின் அமைச்சர், 1956 இல் இந்நிலையை எடுத்தது குறிப்பிடத்தக்கது.

1957 இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 முதல் 1962 வரை நேரு அமைச்சரவையில் இருந்தார். 1962 ஏப்ரலில் மகாராட்டிர ஆளுநராக நியமிக்கப்பட்டு, அப்பதவியில் இருக்கும்போதே அக்டோபர் 6 அன்று காலமானார்.

குடும்பம்

மனைவி ராதாபாய் மங்களூரைச் சேர்ந்தவர். 1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். 1938 இல் நடுவண் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர் ஆனார். மூத்த மகன் பி. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். கோபால் குமாரமங்கலம் பொதுத்துறை நிறுவன நிர்வாகி. மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமைக் கட்சியில் இருந்து, பின்னர் இந்திரா காந்தி அமைச்சரவையில் இடம்பெற்றார். 1973 இல் விமான விபத்தில் இறந்தார். மகள் பார்வதி கிருட்டிணன் பொதுவுடைமைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கினார்.

மதிப்பீடு

சுப்பராயனுக்குப் பின் சால்வே, மாதவராவ் சிந்தியா, சரத் பவார் என அரசியல்வாதிகள் பலர் வாரியத் தலைவர்களாயினர். அரசியலிலிருந்து வருவோர் விளையாட்டு அமைப்புகளுக்குப் பொருத்தமானவர்களா என்ற விவாதத்தில் இவருடைய காலம் ஒரு தொடக்கச் சான்றாகும்.

சாதகமாகக் கூறத்தக்கவை சில. பெரும்பான்மை இல்லாத அமைச்சரவையை நான்காண்டுகள் நடத்திய பட்டறிவு, ஒன்றோடொன்று பூசலிடும் மாகாணச் சங்கங்களையும் சமசுதானங்களையும் கொண்ட அமைப்புக்குப் பயன்படக் கூடியது. எட்டாண்டுகளில் வாரியம் பிளவுபடவில்லை; உள்நாட்டுப் போட்டி தடைபடவில்லை. விளையாட்டு நிர்வாகத்தில் இவருக்கிருந்த அனுபவமும் அரசியல் செல்வாக்கால் மட்டும் வந்ததன்று. சென்னைக் கழகங்களில் தொடங்கியது.

பாதகமாகவும் சில உள்ளன. 1938 முதல் 1939 அக்டோபர் வரை இவர் ஒரே நேரத்தில் அமைச்சராகவும் வாரியத் தலைவராகவும் இருந்தார். மீதமுள்ள ஏறக்குறைய ஏழாண்டுகளிலேயே முன்னாள் அமைச்சர் என்ற நிலையில் இருந்தார். தொடர்ந்து எட்டாண்டுகள் ஒருவரே தலைவராக நீடித்தமை மாற்றத்துக்கு இடமளிக்கவில்லை. ஐமுனைப் போட்டியைப் பொறுத்தவரை, அரசியல் அனுபவம் வருவாய் தரும் ஒரு வழக்கத்தை நிறுத்தப் போதுமானதாக இல்லை.

லோதா குழுவின் பரிந்துரைகளை ஏற்று உச்ச நீதிமன்றம் 2016 சூலை 18 அன்று அளித்த தீர்ப்பு, பதவியில் உள்ள அமைச்சர்களை வாரியப் பொறுப்புகளிலிருந்து விலக்கியது. பதவிக்காலத்துக்கும் வரம்பு விதித்தது. முன்னாள் அமைச்சர்களை அது விலக்கவில்லை. அவ்விதியின்படி நோக்கினால் சுப்பராயனின் முதல் காலப்பகுதி விதிக்குப் புறம்பானது. பிற்பகுதி, கால வரம்புக்கு உட்பட்டு, ஏற்கத்தக்கது. அதே 2016 இல் வாரியம் முதன்முறையாக ஊதியம் பெறும் தலைமைச் செயல் அதிகாரியை நியமித்து, கௌரவத் தலைமையையும் அன்றாட நிர்வாகத்தையும் தெளிவாகப் பிரித்தது.

வகித்த பதவிகள்

சென்னை மாகாண முதலமைச்சர்: 1926–1930
சென்னை மாகாணக் கல்வி, சட்ட அமைச்சர்: 1937–1939
இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர்: 1938–1946
நடுவண் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர்: 1959–1962
மகாராட்டிர ஆளுநர்: 1962