கியூரி அம்மையாரின் யுத்த சேவை

ரேடியம் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையாரைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். யுத்தகாலத்தில் அவர் செய்த சேவையும் அறியத்தக்கது.

1867-ல் போலந்தில் பிறந்த அவர், 1914-ல் யுத்தம் மூண்டபோது பாரிஸ் நகரில் இரு பெண்மக்களுடன் வாழ்ந்த விதவை. போர்முனையில் காயம்பட்டோரின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறதென்று அறியாமல் வைத்தியர்கள் கீறித் தேடினர். எக்ஸ்ரே கருவிகளோ பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தன. கருவியைக் காயம்பட்டோரிடமே கொண்டுபோக அம்மையார் தீர்மானித்தார். செல்வந்தரிடம் மோட்டார் வண்டிகளைக் கேட்டு வாங்கினார். வண்டியின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தது. இவ்விதம் 20 வண்டிகள் ஆயத்தமாயின. 200 எக்ஸ்ரே அறைகளும் அமைந்தன. தாமே வண்டியோட்டக் கற்று, 17 வயது மகள் ஐரீனையும் உடனழைத்துச் சென்றார். பெற்ற பெண்ணை அத்தகைய இடத்திற்கு அழைத்துப்போக எத்தனை தாய்மார் துணிவர்?

பின்பு சுமார் 150 பெண்களுக்கு இவ்வேலையைக் கற்பித்து அனுப்பினார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இச்சேவையால் சோதிக்கப்பட்டனர் என்பது கணக்கு.

கதிர்களின் தீங்கை அக்காலத்தார் சரிவர உணரவில்லை. உடலில் ரத்தம் ஊறாத நோயால் அம்மையார் 1934-ல் மாண்டார். மகள் ஐரீன் 1956-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.