தாமஸ் பெய்ன்: நாட்டை எழுப்பியவர், வாக்குரிமை இழந்தவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தோற்றம் குறித்துப் பேசப்படும்போது ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன், பெஞ்சமின் பிராங்க்ளின் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பிரிட்டனிடமிருந்து முற்றாகப் பிரிவதே ஒரே வழி என்ற கருத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தவர், அந்த மண்ணில் வந்திறங்கிப் பதினான்கு மாதங்கள்கூட நிறைவடையாத ஒரு குடியேறி.

அவர்தான் தாமஸ் பெய்ன். பிரிட்டன் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவித்தது. பிரான்ஸ் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கிவிட்டுப் பின்னர் சிறையில் அடைத்தது. எந்த நாட்டின் விடுதலைக்காக எழுதினாரோ, அந்த அமெரிக்காவிலேயே அவர் அந்நாட்டுப் பிரஜை அல்ல என்று வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டார்.

தோல்விகளின் காலம்

பெய்ன் 1737ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள தெட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பெண்கள் இடையை இறுக்கி அணியும் கச்சைகளைத் தைப்பது அவரது தொழில். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே நிறுத்திய பெய்னும் அதே தொழிலைக் கற்றார்.

அதன் பிறகான இருபது ஆண்டுகள் அவருக்குப் பெரும்பாலும் தோல்விகளாகவே அமைந்தன. எதிரி நாட்டுக் கப்பல்களைக் கைப்பற்றும் தனியார் கப்பல் ஒன்றில் சிறிது காலம் பணியாற்றினார். 1759இல் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டே மனைவி இறந்துபோனார். கலால் வரி அதிகாரியாகச் சேர்ந்து, ஒருமுறை நீக்கப்பட்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

கலால் ஊழியர்களின் ஊதியம் போதவில்லை என்று வாதிடும் கோரிக்கை மனு ஒன்றை 1772இல் அவர் எழுதினார். வறுமையே அதிகாரிகளை ஊழலுக்குத் தள்ளுகிறது என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1774இல் வேலை மீண்டும் பறிபோனது. அதே ஆண்டில் இரண்டாவது மணவாழ்வும் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 37.

லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு அறிமுகக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அதனுடன் புறப்பட்ட பெய்ன், 1774ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பிலடெல்பியா துறைமுகத்தை அடைந்தபோது, கடும் காய்ச்சலால் நடக்க இயலாத நிலையில் கப்பலிலிருந்து இறக்கப்பட்டார்.

ஒரு சிறு நூலின் தாக்கம்

பிலடெல்பியாவில் புதிதாகத் தொடங்கப்பட்ட சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சென்னையில் கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராக வாழ்வைத் தொடங்கி, இந்தியாவில் பெரும் செல்வம் சேர்த்த ராபர்ட் கிளைவ் இறந்த செய்தி அப்போது அமெரிக்காவை எட்டியிருந்தது. கிளைவின் வாழ்வைக் கடுமையாக விமர்சித்து 1775இல் அச்சஞ்சிகையில் வெளியான கட்டுரை பெய்ன் எழுதியதாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவின் பிரச்சினையை அவர் தனித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இது ஓர் அடையாளம்.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் சண்டை மூண்டது. ஆயினும் பதின்மூன்று குடியேற்றங்களின் தலைவர்களில் பலர் மன்னருடன் சமரசம் ஏற்படும் என்றே நம்பிக்கொண்டிருந்தனர். நாடாளுமன்றமும் அமைச்சர்களுமே தவறு செய்தவர்கள், மன்னர் அல்ல என்பது அவர்களது நிலைப்பாடு.

1776ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'காமன் சென்ஸ்' என்ற சிறுநூல் இந்த நம்பிக்கையைத் தகர்த்தது. குறைபாடு மன்னரின் குணத்தில் அல்ல, மன்னராட்சி என்ற அமைப்பிலேயே உள்ளது என்று பெய்ன் வாதிட்டார். சிறிய தீவு ஒன்று பெரிய கண்டம் ஒன்றை என்றென்றும் ஆள்வது இயல்புக்கு மாறானது என்றும் எடுத்துரைத்தார்.

வாதத்தைவிட நடையே புதிதாக இருந்தது. அக்கால அரசியல் நூல்கள் லத்தீன் மேற்கோள்களுடன் படித்தவர்களுக்காக எழுதப்பட்டன. பெய்னோ விவசாயிக்கும் தச்சருக்கும் புரியும் மொழியில் எழுதினார். எத்தனை பிரதிகள் விற்றன என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது பல நகரங்களில் மறுபதிப்பானது, பொது இடங்களில் உரக்க வாசிக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்குள் சுதந்திரப் பிரகடனம் வெளியானது.

அந்த ஆண்டின் இறுதியில் வாஷிங்டனின் படை நியூயார்க்கை இழந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. படையுடன் இருந்த பெய்ன், 'தி அமெரிக்கன் க்ரைசிஸ்' என்ற கட்டுரைத் தொடரைத் தொடங்கினார். டிசம்பர் 19ஆம் தேதி வெளிவந்த முதல் கட்டுரை, டெலவேர் ஆற்றைக் கடக்கும் முன் வீரர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது.

பிரான்ஸும் சிறையும்

போர் முடிந்தபின், தாம் வடிவமைத்த இரும்புப் பாலத்துக்கு ஆதரவு தேடி 1787இல் ஐரோப்பா சென்றார் பெய்ன். இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அதனைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1790இல் எழுதிய நூலுக்கு மறுமொழியாக, 'மனிதனின் உரிமைகள்' என்ற நூலை 1791இலும் 1792இலும் இரு பாகங்களாக வெளியிட்டார்.

இரண்டாம் பாகத்தில் முதியோருக்கு ஓய்வூதியம், ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு உதவித்தொகை, செல்வந்தர்கள் மீது படிப்படியாக உயரும் வரி ஆகியவற்றைக் கணக்குடன் முன்வைத்தார். இவை தருமம் அல்ல, உரிமை என்பது அவரது வாதம். மலிவுப் பதிப்புகள் தொழிலாளர்களின் கைகளுக்குச் சென்றது அரசைக் கலக்கமடையச் செய்தது. அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்ட நிலையில், 1792 செப்டம்பரில் அவர் பிரான்ஸுக்குச் சென்றார். டிசம்பரில் அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தப்பட்டு, குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

பிரெஞ்சு மொழி சரளமாகப் பேசத் தெரியாத நிலையிலும், கலே பகுதியின் பிரதிநிதியாக அவர் தேசிய மாநாட்டில் அமர்ந்தார். மன்னர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிக்கும் பிரச்சினை எழுந்தபோது, முடியாட்சியை வாழ்நாளெல்லாம் எதிர்த்த பெய்ன் அத்தண்டனையை எதிர்த்தார். மன்னரைச் சிறையில் வைத்து, போர் முடிந்தபின் அமெரிக்காவுக்கு நாடுகடத்த வேண்டும் என்று கோரினார். அது ஏற்கப்படவில்லை. 1793 ஜனவரியில் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது.

அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி பெய்ன் கைது செய்யப்பட்டு லக்சம்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து நாள்தோறும் கைதிகள் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர் கவர்னர் மோரிஸ், அவரைத் தம் நாட்டவராக உரிமை கோரி விடுவிக்க அக்கறை காட்டவில்லை. 1794 ஜூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்தார். புதிய தூதர் ஜேம்ஸ் மன்றோ தலையிட்டதால், நவம்பரில் பெய்ன் விடுதலையானார்.

சிறைக்குச் செல்லும் தறுவாயில் நண்பரிடம் ஒப்படைத்த 'பகுத்தறிவின் காலம்' என்ற நூல், அவரது வாழ்வின் எஞ்சிய பகுதியை நிர்ணயித்தது. அதில் அவர் கடவுளை மறுக்கவில்லை. ஒரே கடவுளை நம்புவதாகவே தெரிவித்திருந்தார். ஆனால் விவிலியம் இறைவனின் வாக்கு என்பதையும் திருச்சபைகளின் அதிகாரத்தையும் நிராகரித்தார். தமது விடுதலைக்கு ஏதும் செய்யவில்லை எனக் குற்றஞ்சாட்டி வாஷிங்டனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதமும் 1796இல் வெளியானது.

திரும்பிய இடம்

1802இல் ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது பெய்ன் அமெரிக்கா திரும்பினார். நாட்டின் தந்தையைத் தாக்கியவர், சமயத்தின் எதிரி என்றே பலர் அவரைப் பார்த்தனர். பழைய நண்பர்கள் விலகினர்.

போர்க்காலச் சேவைக்காக நியூயார்க் மாநிலம் வழங்கிய பண்ணை நியூ ரோஷெலில் இருந்தது. 1806இல் அங்கு வாக்களிக்கச் சென்ற அவரைத் தேர்தல் அதிகாரிகள் தடுத்தனர். பிரான்ஸ் சிறையில் இருந்தபோது அமெரிக்கா அவரை உரிமை கோரவில்லை, ஆகவே அவர் பிரஜை அல்ல என்பதே கூறப்பட்ட காரணம். ஒரு தூதர் காட்டிய அலட்சியம், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரது குடியுரிமைக்கு எதிரான சான்றாக மாறியது.

1809ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி நியூயார்க்கில் பெய்ன் காலமானார். குவேக்கர் இடுகாட்டில் இடம் மறுக்கப்பட்டதால், உடல் பண்ணையிலேயே புதைக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே உடனிருந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் ஆங்கிலப் பத்திரிகையாளர் வில்லியம் காபெட், தக்க நினைவிடம் அமைக்கும் எண்ணத்துடன் எலும்புகளைத் தோண்டி எடுத்து இங்கிலாந்து கொண்டுசென்றார். நினைவிடம் எழவில்லை. 1835இல் காபெட் இறந்தபின் எலும்புகள் காணாமற்போயின.

அவரை ஒதுக்கிய நாடுகள் பிற்காலத்தில் அவரை நினைவுகூர்ந்தன. பிறந்த ஊரான தெட்ஃபோர்டில் 1964இல் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. முதியோர் ஓய்வூதியம் பிரிட்டனில் 1908இல் சட்டமாகியது. 2009 ஜனவரியில் பதவியேற்றபோது பராக் ஒபாமா, வாஷிங்டனின் படைக்கு வாசிக்கப்பட்ட அந்தக் கட்டுரையின் வரிகளைத் தம் உரையில் பயன்படுத்தினார். அவற்றை எழுதியவரின் பெயர் அவ்வுரையில் இடம்பெறவில்லை.