தமிழ் எழுத்தில் மறைத்த நோய்

நான் படிப்பது இயந்திரவியல். ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃபைப் பற்றி எழுத உனக்கென்ன வந்ததுன்னு கேட்பீங்க. ஒரே ஒரு தகவல்தான் காரணம். 1913-இல் அவர் மனநோயால் மிகவும் துன்பப்பட்டபோது, கணவர் லெனர்ட் மனைவியின் நிலையைத் தம் நாட்குறிப்பில் குறித்துவந்தார். மற்றவர் கண்ணில் பட்டாலும் புரியாதபடி, தமிழ், சிங்கள எழுத்துகளைக் கலந்து சங்கேதமாக எழுதினார். லெனர்ட் 1911 வரை இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரி. முதலில் போன ஊர்களில் ஒன்று யாழ்ப்பாணம். இங்கிலாந்தில் ஒரு வீட்டு ரகசியத்துக்கு நம்ம எழுத்து பூட்டாக இருந்திருக்கு!

வர்ஜீனியா 1882-இல் லண்டனில் பிறந்தார். 13 வயதில் அம்மா இறந்தார். மனம் முதல்முறை உடைந்தது அப்போதுதான். 1904-இல் அப்பா இறந்ததும் மறுபடியும். அந்த முறை படுக்கையில் கிடந்தபோது, பறவைகள் கிரேக்க மொழியில் பாடியது தமக்குக் கேட்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். டாக்டர்கள் சொன்னதெல்லாம் ஓய்வு, நிறைய பால், எழுத்து வேலை கூடாது. எழுதுறவங்களை எழுதாதேன்னா எப்படி? 1912-இல் திருமணம். மறு ஆண்டு, முதல் நாவலைப் பதிப்பகத்திடம் கொடுத்த சில மாதங்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். 1915-இலும் நோய் திரும்பியது.

எனக்குப் பிடித்த பகுதி 1917. இருவரும் ஒரு சிறிய கையச்சு இயந்திரம் வாங்கி வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள். மனைவியின் மூளைக்கு ஓய்வு தர, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது லெனர்டின் கணக்கு. அச்சுப் பள்ளியில் இவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு சின்னக் கையேட்டைப் பார்த்தே கற்றார்கள். லெனர்டுக்குக் கை நடுக்கம் உண்டு. அதனால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாற்றி அடுக்கியது வர்ஜீனியா. இயந்திரத்தை ஓட்டியது லெனர்ட். முதல் புத்தகம் வெறும் 150 பிரதி. ஹோகார்த் அச்சகம் இப்படித்தான் தொடங்கியது.

1925-இல் வந்த 'மிஸஸ் டாலோவே' நாவலில் செப்டிமஸ் என்ற முன்னாள் போர்வீரன் வருகிறான். அவனுக்கும் குருவிகள் கிரேக்கத்தில் பாடுவது கேட்கிறது. அவனைப் பார்க்கும் பெரிய டாக்டரும் ஓய்வு, தனிமை என்றுதான் சொல்கிறார். கணவர் பூட்டி வைத்ததை மனைவி எல்லாரும் படிக்கும் நாவலில் எழுதிவிட்டார்.

இதைப் படிக்கும்போது என் அறைத்தோழன் ஞாபகம். போன ஆண்டு மூன்று வாரம் கட்டிலை விட்டே அவன் எழவில்லை. டெங்கி காய்ச்சல்னு அம்மாகிட்ட சொல்லச் சொன்னான். நானும் போனில் அப்படியே சொன்னேன். அந்த அம்மா பப்பாளி இலைச்சாறு கொடுக்கச் சொன்னார். இன்றைக்கும் அவருக்கு உண்மை தெரியாது.

போர்க்காலத்தில் நோய் மீண்டும் நெருங்கியது. இனி தேற மாட்டோம் என்ற பயத்தில், 1941 மார்ச் 28 அன்று வர்ஜீனியா உயிரை விட்டார். வயது 59. லெனர்ட் 1969 வரை வாழ்ந்தார். 1964-இல் வந்த தன்வரலாற்றுப் பகுதியில் மனைவியின் நோயைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த முறை நேராக ஆங்கிலத்திலேயே.