கிரியும் பந்தயக் கணக்கும்

2024 தீபாவளிக்கு மறையூர் போயிருந்தேன். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கிய நேரம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் என் சித்தப்பா மகன் கைப்பேசியை நீட்டினான். யார்மேல் பணம் கட்டலாம், அறிவியல் படிக்கிற அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்றான். கரும்பு விற்ற பணம் அவன் மடியில் இருந்தது.

ஒரு ரூபாய் கட்டினால் அதற்குமேல் நான்கு ரூபாய் தருவதாகப் பந்தயம் நடத்துவோர் சொன்னால், அந்த வேட்பாளருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பே உண்டென்று பொருள். அவர்களுடைய இலாபத்தைக் கழித்தால் அதிலும் குறைவு. இவ்வளவும் சொல்லிவிட்டு, அவனுக்கு வி. வி. கிரியின் கதையைச் சொன்னேன்.

1894 ஆகஸ்டு 10 அன்று, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெர்காம்பூரில் பிறந்தவர் கிரி. 1913 இல் சட்டம் பயில டப்ளின் சென்றார். அயர்லாந்து விடுதலை இயக்கத் தொடர்பால் 1916 இல் அந்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தாயகம் திரும்பி இரயில்வே தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். 1937 தேர்தலில், மாகாண முதலமைச்சராயிருந்த பொப்பிலி அரசரை அவருடைய பொப்பிலியிலேயே தோற்கடித்தார். அரண்மனையை எதிர்த்த தொழிற்சங்கத் தலைவர்மேல் அன்று எத்தனை பேர் பணம் கட்டியிருப்பார்கள்?

பின்னர் இராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். விடுதலைக்குப்பின் இலங்கையில் இந்தியத் தூதரானார். நேருவின் தொழிலாளர் நல அமைச்சராயிருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை அரசு மாற்றியதால் 1954 இல் பதவி துறந்தார். 1960 முதல் 1965 வரை எங்கள் கேரளத்தின் ஆளுநர். 1967 இல் துணைக் குடியரசுத் தலைவர்.

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். தற்காலிகக் குடியரசுத் தலைவரான கிரி, ஜூலை 20 அன்று அதையும் துறந்து சுயேச்சையாக நின்றார். காங்கிரசின் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தியோ மனச்சான்றின்படி வாக்களிக்கச் சொன்னார். எண்ணிக்கையில் வெற்றிக்கு 4,18,169 தேவை. முதல் விருப்பமாகக் கிரி பெற்றவை 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769.

குறைந்தவை 16,654. பின்தங்கியோரின் வாக்குச் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாரென்று பார்த்தார்கள். ரெட்டிக்கு 91,879 வந்தன. கிரிக்கு 18,562 மட்டுமே. ஆனால் அது போதும். 4,20,077 பெற்றுக் கிரி வென்றார். சுயேச்சையாக நின்று அப்பதவியை அடைந்தவர் அவர் ஒருவரே.

அப்படியானால் வாய்ப்புக் குறைந்தவன்மேல் கட்டலாமே என்றான் தம்பி. அதுவும் தவறு என்றேன். அதே கிரி 1957 தேர்தலில் தோற்றார். வென்ற கதையை நாம் நினைவில் வைக்கிறோம், தோற்றதை மறந்துவிடுகிறோம். பந்தயத்தில் நட்டப்படுகிறவர்கள் பலரும் இப்படி மறப்பவர்களே. கிரியும் துணிந்து இறங்கினார். ஆனால் அவர் பணயமாக வைத்தது தம் சொந்தப் பதவியை. தம்பியின் மடியிலிருந்த பணத்தில் சித்தப்பாவின் ஓராண்டு உழைப்பும் இருந்தது.

1980 ஜூன் 24 அன்று சென்னையில் கிரி மறைந்தார். தம்பி கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொப்பரையின்கீழ் சக்கையைத் தள்ளப் போனான். பணம் அன்று மாலை சித்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.